கை நடுங்கும்போதே பேசலாம்

லண்டனில் சட்டம் படித்த காலத்தில் மோகன்தாஸ் காந்தி அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர். கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். வாயைத் திறக்க மாட்டார். ஒருமுறை டாக்டர் அல்லின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. கருத்தடையை ஆதரித்த டாக்டரின் கருத்தில் காந்திக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அதற்காக ஒருவரை வெளியேற்றுவது தவறு என்று பட்டது. எழுந்து சொல்லத் துணிவில்லாமல் எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதைப் படிக்கவும் நா எழவில்லை, வேறொருவர் படித்தார். 1891இல் ஊர் திரும்பும் முன் ஹோபர்ன் உணவகத்தில் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். அங்கே பேசுவதற்கென்று அரும்பாடுபட்டுத் தயாரித்து வைத்திருந்த சில வாக்கியங்கள் முதல் வாக்கியத்தோடு நின்றுபோயின. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பம்பாயில் கிடைத்த முதல் வழக்குக்குக் கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீதிமன்றத்திலிருந்து வெளியேறினார். எல்லாம் ‘சத்திய சோதனை’யில் அவரே ஒளிக்காமல் எழுதிவைத்தவை.

இதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி அவர்கள் முன்னால் எழுந்து நின்று பேசினார். தன் வாழ்க்கையின் முதல் மேடைப் பேச்சு என்று அதைத்தான் குறிப்பிடுகிறார். தலைப்பு, வியாபாரத்தில் உண்மை. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் மேமன் வணிகர்கள். வியாபாரத்துக்கு உண்மை ஒத்துவராது என்று நம்புகிறவர்களிடம் போய், உண்மையாக இருப்பது உங்கள் கடமை என்று சொல்ல வேண்டிய சங்கடமான வேலை. பேச்சு எடுபட்டது. இந்தியர்களின் குறைகளை முறையிட ஒரு சங்கம் வேண்டும் என்று அதே கூட்டத்தில் யோசனை சொன்னார். விரும்புகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதாகவும் முன்வந்தார்.

இடையில் அவர் எந்தப் பேச்சுப் பயிற்சி வகுப்பிலும் சேரவில்லை. டர்பனிலிருந்து பிரிட்டோரியா வரும் வழியில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார், கோச்சு வண்டியில் அடிபட்டார். தன் மக்கள் அந்த நாட்டில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று உடம்பால் அறிந்தார். ஹோபர்ன் விருந்தில் அவரிடம் இருந்தவை நண்பர்களை மகிழ்விக்கச் சில அழகான வாக்கியங்கள் மட்டுமே. பிரிட்டோரியாவில் அவர் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருந்தது. அதைக் கேட்டே ஆக வேண்டியவர்கள் எதிரே இருந்தார்கள்.

கூச்சம் அதன் பிறகு பறந்துவிட்டது என்று கதையை முடித்தால் பொய்யாகிவிடும். தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையை எடுத்துச் சொல்ல அவர் இந்தியா வந்திருந்தபோது, 1896 செப்டம்பர் 26 அன்று பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா முன்னிலையில் ஒரு பெரிய கூட்டம். எழுதி அச்சிட்ட உரை கையில் இருந்தும் காந்தியின் குரல் நடுங்கியது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை. தின்ஷா வாச்சா வாங்கிப் படித்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று, சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். இங்கேயும் அச்சிட்ட உரைதான், காந்தியைப் பொறுத்தவரை நீளமானதும்கூட. சென்னை மக்கள் ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டார்கள். நேட்டாலில் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, முண்டாசைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்ற ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரம் தமிழர். அவருக்கு நடந்த கொடுமைதான் இந்த ஊரை அப்படி உலுக்கியது. தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை பற்றி அவர் எழுதிய ‘பச்சைப் பிரசுரம்’ இரண்டாம் பதிப்பாகச் சென்னையில் 10,000 படிகள் அச்சானது.

ஒரே மாத இடைவெளியில் அதே மனிதர், அதே குரல், ஏறத்தாழ அதே செய்தி. ஓரிடத்தில் பேச்சு கைவிட்டது, இன்னோரிடத்தில் ஊரே எழுந்தது. தன்னம்பிக்கை என்று நாம் சொல்வது பேசுகிறவரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கும் பொருளாக இருந்தால் இது நடந்திருக்க முடியாது. பேச்சாளர், விஷயம், எதிரே இருப்பவர்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடும்போது அது பிறக்கிறது. பேசக் கற்க விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். அப்படி ஒரு நாள் வருவதில்லை. சொல்லியாக வேண்டிய விஷயம் இருந்தால் பயத்தோடேயே பேசலாம், பேச்சு நடக்க நடக்க நம்பிக்கை பின்னால் வந்து சேரும்.

நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத்தருகிறோம்?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி இல்லாத ஆண்டு கிடையாது. ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். செப்டம்பரில் அண்ணா, பெரியார், அதே மாதத்தில் பாரதி நினைவு நாள், அக்டோபரில் காந்தி. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக்கொடுக்கிறார்கள். பிள்ளை மனப்பாடம் செய்கிறது. எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இழுக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுக்கப்படுகிறது. இதில் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ழகரம் சுத்தமாகிறது, குரல் திறக்கிறது, பலர் முன்னால் நிற்கும் கூச்சம் ஓரளவு விலகுகிறது. எளிய குடும்பங்களில் பிறந்த எத்தனையோ பேருக்கு முதல் மேடை அந்தப் பள்ளி வராந்தாதான்.

ஆனால் அங்கே கூடவே ஒரு பெரிய பயமும் விதைக்கப்படுகிறது. பேச்சு என்றால் மறக்காமல் ஒப்பிப்பது, மறந்தால் மானம் போய்விடும் என்று பத்து வயதில் மனதில் பதிந்துவிடுகிறது. நடுவில் ஒரு வரி விட்டுப்போய், உதடு துடிக்க நிற்கும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழந்தைக்குக் காமராசரைப் பற்றித் தெரியாமல் இல்லை. மதிய உணவு கொடுத்தார், பள்ளிகள் திறந்தார் என்று கேட்டால் சொல்லும். தெரிந்ததைத் தன் வார்த்தையில் சொல்லலாம் என்று மட்டும் யாரும் அதனிடம் சொல்லவில்லை. அது எழுதியவர் பேச்சு, வரி தவறினால் பிடித்துக்கொள்ளக் கொம்பு கிடையாது.

காமராசர் எப்படிப் பேசினார் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1954இலிருந்து ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராகவும், பிறகு அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர். அலங்காரமே இல்லாத விருதுநகர்ப் பேச்சு. குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போன்ற தொனி. அணை எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்பவருக்கு விளங்கும்படி சொல்வார், முடித்துவிடுவார். அவரைப் பற்றிய போட்டியில் அவரைப் போலவே எளிமையாகப் பேசிய பிள்ளைக்கு முதல் பரிசு கொடுக்கும் நடுவர்கள் நமக்கு வேண்டும்.

தமிழ் மேடை வந்த வழி

மேடைப் பேச்சு தமிழனின் ரத்தத்தில் ஊறியது என்று மேடைகளிலேயே அடிக்கடி சொல்வார்கள். உண்மை வேறு மாதிரியானது, என் மனதுக்கு அது இன்னும் பெருமைக்குரியது. புராணம் படித்துப் பொருள் சொல்வது, கதாகாலட்சேபம், கூத்து எல்லாம் நம்மிடம் நெடுங்காலமாக இருந்தன. ஒருவர் எழுந்து நின்று, முன்பின் அறியாத பொதுமக்களை நோக்கி, ஒரு கருத்தை ஏற்கச் சொல்லித் தமிழில் உரையாற்றுவது என்ற வழக்கம் கிறிஸ்தவப் பாதிரிமாரின் பிரசங்கத்தோடு வளர்ந்தது. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பணிபுரிந்து பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர் அந்த வடிவத்தை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதல் பிரசங்கம் நடந்தது. தமிழ் மேடையின் வரலாற்றை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

அதன் பிறகும் அரசியல் மேடை வெகுகாலம் ஆங்கிலத்திலேயே நடந்தது. வக்கீல்கள் பேசுவார்கள், வக்கீல்கள் கேட்பார்கள். சுதேசி இயக்கம் அதை உடைத்தது. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களையும் ஊர் மக்களையும் கூட்டித் தமிழில் பேசிய பேச்சுகளைப் போலீசார் எழுதி எடுத்தார்கள். அந்தப் பேச்சுகள்தான் வழக்கு. சிவாவுக்குப் பத்து ஆண்டு, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது திரு.வி.க.வின் தமிழ் அங்கே ஒலித்தது. அடுத்த தலைமுறையில் படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் வந்தன. சலூனில் பத்திரிகை வாசித்துக் கேட்டவர்கள் மாலையில் மைக் பிடித்தார்கள். பேச்சு பிறப்பு வழியாக வருவதில்லை. ஒரு சமூகமே இரண்டு மூன்று தலைமுறைகளில் அதைக் கற்றுக்கொண்டதற்கு நம் மண்ணே சாட்சி.

அண்ணாவின் அடுக்குமொழி ஒரு காலத்தையே மயக்கியது. 1949 செப்டம்பரில் சென்னை ராபின்சன் பூங்காவில் நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தில் மழையில் நனைந்தபடி அவரைக் கேட்டவர்கள் அந்த நாளை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குள்ள உருவம், கரகரத்த குரல். மேடைக்கு ஏற்றவை என்று யாரும் சொல்லிவிட முடியாத இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் பேசினார். அவர் பின்னால் வந்த பலர் ஓசையைப் பிடித்துக்கொண்டார்கள். அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய வாசிப்பை, கன்னிமரா நூலகத்தில் கழிந்த பொழுதுகளை, விட்டுவிட்டார்கள். அடுக்குமொழியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அழகு, நம்முடையது. விஷயம் தீர்ந்த பிறகும் ஓசை ஓடிக்கொண்டிருப்பதுதான் கேட்கிறவரைக் களைக்க வைக்கிறது.

பெரியாரின் முறை முற்றிலும் வேறு. வீட்டில் பேசுவது போன்ற ஈரோட்டுத் தமிழ். எதுகை மோனை கிடையாது. ஒரு கேள்வியைப் போடுவார். எதிரே இருப்பவன் மனதில் என்ன மறுப்பு எழும் என்று யூகித்து அதை அவரே எடுத்துச் சொல்வார், பிறகு பதில் சொல்வார். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, வீட்டுக்குப் போய் யோசி என்பார். 94 வயதில், நோயும் வலியுமாக, 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசினார். ஐந்து நாட்களில் மறைந்தார். கேட்பவருடைய மறுப்பை முன்கூட்டியே எடுத்துப் பேசும் அந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஒருவர் அவரிடமிருந்து கற்றுக்கொண்டால்கூடப் பாதிப் பேச்சாளராகிவிடலாம். ஏனென்றால் அதற்காகத் தயார் செய்யும்போதே கவனம் தன்னை விட்டு எதிரே இருப்பவர்மேல் போய்விடுகிறது.

நடுக்கம் வெளியே தெரிவதில்லை

பேர் கூப்பிட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, முழங்கால் தளர்கிறது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்யும் ஆயத்தம் இது. அட்ரினலின் சுரக்கிறது. இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் சில நிமிடங்களில் இதயத் துடிப்பு கொஞ்சம் அடங்கும். மேடைக்குப் போகும் முன் உட்கார்ந்த இடத்திலேயே யாருக்கும் தெரியாமல் செய்யலாம். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு ஆர்வமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடப்பும் ஆர்வமும் உடம்பில் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. பெயரை மாற்றுவது எளிது, அடக்குவதுதான் கடினம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்டது. பேசுகிறவர்கள் தங்கள் நடுக்கம் கேட்பவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார்கள். கேட்பவர்களைக் கேட்டால், அவ்வளவு நடுக்கம் அவர்கள் கண்ணில் படவே இல்லை. ஆய்வின் அடுத்த கட்டம்தான் அருமையானது. இந்த உண்மையைப் பேசப்போகும் சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அது தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். நான் நடுங்குவது எல்லோருக்கும் தெரிகிறதே என்ற நினைப்பால் நடுக்கம் கூடுகிறது, கூடிய நடுக்கம் நினைப்பை இன்னும் கூட்டுகிறது. வெளியே அவ்வளவு தெரிவதில்லை என்று அறிந்துகொள்வதே அந்தச் சுழலை அறுக்கிறது. ஆகவே படித்த கையோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளே உணரும் அளவில் ஒரு சிறு பங்குதான் முன்வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. கையில் பிடித்த தாள் மட்டும் காட்டிக்கொடுக்கும். தாளைப் போடியத்தில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அஞ்சலட்டை அளவுக்குக் கெட்டியான அட்டையில் குறிப்பு எழுதுங்கள்.

பயிற்சி வகுப்புகளில் நெடுங்காலமாகச் சுற்றும் ஒரு கணக்கையும் இங்கே அப்புறப்படுத்திவிட வேண்டும். பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒருவர் தன் விருப்பு வெறுப்பைத் தெரிவிக்கும்போது சொல்லும் முகமும் முரண்பட்டால் மற்றவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே ஆராயப்பட்டது. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு என்று நம்பி, உடையையும் கையசைவையும் மட்டும் திருத்திக்கொண்டு மேடையேறும் இளைஞர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. என்ன சொல்லப் போகிறோம் என்பதில்தான் அவர்கள் நேரம் செலவாகியிருக்க வேண்டும்.

தயாரிப்பு

எங்கிருந்து தொடங்குவது? கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மனைவியிடமோ நண்பரிடமோ உங்கள் பேச்சை ஒரே வாக்கியத்தில் சொன்னால் அது என்னவாக இருக்க வேண்டும்? அந்த வாக்கியத்தை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் பேச்சு இன்னும் தயாராகவில்லை. அது கிடைத்துவிட்டால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது பெருமளவு தானாகவே தெளிவாகும். அதற்கு உதவாத கதை எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முழுப் பேச்சையும் எழுதிப் பார்ப்பது நல்லது. எழுதியதை மேடையில் ஒப்பிப்பது ஆபத்து. எழுதிய பிறகு, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியம் எழுத்துத் தமிழில் சிக்கியிருக்கும், அதை உடையுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, ஐந்தாறு சொற்களை மட்டும் அட்டையில் குறித்துக்கொண்டு பேசுங்கள். ஒவ்வொரு முறையும் வார்த்தைகள் மாறும். மாறட்டும். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், ஏனென்றால் நடுக்கம் உச்சத்தில் இருப்பது முதல் ஒரு நிமிடம்தான். நடுவில் மறந்துவிட்டால் நிறுத்துங்கள், அட்டையைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த இடைவெளி கேட்பவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்.

கைபேசியில் பதிவு செய்து கேட்கும்போது முதலில் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது. அதனால் உள்ளே கனமாகக் கேட்கிறது. பதிவில் வருவதுதான் மற்றவர்கள் என்றைக்கும் கேட்டுப் பழகிய உங்கள் குரல். அவர்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரிவதில்லை.

இயல்பாக வந்ததாக நாம் நினைக்கும் பேச்சுகளுக்குப் பின்னாலும் இந்த உழைப்பு இருக்கிறது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எழுதிவைத்த உரையை விட்டுவிட்டுத் தன் கனவைப் பற்றிப் பேசியது உலகம் அறிந்தது. மேடையில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். அந்தக் கனவுப் பகுதியை கிங் இரண்டு மாதங்களுக்கு முன்பே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். பல தேவாலயங்களில் வாரந்தோறும் பேசிப் பேசி நாவில் ஊறிய பாணி அது. அன்று வந்து விழுந்தது அதனால்தான்.

பேசிப் பார்க்க இடம் வேண்டும். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் தமிழிலேயே நடக்கின்றன. அங்கே ஒரு பேச்சுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் நேரம் காட்டும். ‘ம்ம்’, ‘வந்து’, ‘அதாவது’ எத்தனை முறை வந்தது என்று எண்ண ஓர் உறுப்பினர் இருப்பார். பேசி முடித்ததும் இன்னொருவர் எழுந்து நிறைகுறை சொல்வார். இதில் மாயம் எதுவும் இல்லை. தவறு செய்தாலும் பழி வராத இடத்தில் திரும்பத் திரும்ப நிற்க வைப்பதுதான் அதன் பலம். மன்றம் இல்லாத ஊரில் நான்கு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நூலகத்துத் திண்ணையில் இதையே செய்யலாம்.

மைக் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் மைக்செட்காரரைப் பாருங்கள், பெயர் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்தில் எங்கே எக்கோ அடிக்கும், எந்த ஸ்பீக்கர் பக்கம் போனால் மைக் கூவும் என்பது அவருக்குத்தான் தெரியும். மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வாய்க்கு நேராக ஒட்டிப் பிடித்தால் பகர எழுத்துகள் வெடிக்கும். ஒரு சாண் விலக்கி, சற்றே பக்கவாட்டில் வைத்துப் பேசுங்கள். கத்த வேண்டியதில்லை. கத்துவதற்குப் பதிலாகத்தான் அந்தக் கருவி வந்தது. மைக் இல்லாத காலத்துக் குரலை மைக் முன்னால் எழுப்பும் பழக்கத்தை நம் மேடைகள் இன்னும் விடவில்லை, முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கின்றன.

‘அவர்களே, அவர்களே’ என்று இருபது பேரை அழைத்துத் தொடங்கும் வழக்கமும் அப்படித்தான். மரியாதை நல்ல பண்பு. தலைவர் பெயரைச் சொல்லுங்கள், அவையை வணங்குங்கள், விஷயத்துக்கு வாருங்கள். கேட்பவரின் கவனம் உங்களுக்கு முழுதாகக் கிடைப்பது முதல் நிமிடத்தில். அதைப் பட்டியலுக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள்.

யார் பேச வேண்டியிருக்கிறது?

மேடை என்றதும் நம் கண்ணில் வருவது மாலையும் சால்வையும். பட்டிமன்றம் வீட்டுக்கு வீடு போன பிறகு அந்தப் படம் இன்னும் கெட்டிப்பட்டது. சாலமன் பாப்பையா போன்றவர்கள் மதுரைத் தமிழில், பேராசிரியர் வாடையே இல்லாமல் இலக்கியத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனது பெரிய காரியம். ஆனால் பேச வேண்டிய அவசியம் இன்று யாருக்கு அதிகம் என்று பார்த்தால் அவர்கள் மேடையில் இல்லை, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உள்ளாட்சியில் 50 சதவீத இடம் பெண்களுக்கு. இந்தக் கூட்டங்களில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், நூறு நாள் வேலைச் சம்பளம், சுடுகாட்டுப் பாதை பற்றிப் பேச வேண்டியவர்கள் பலர் எனக்குப் பேச வராதுங்க என்று சொல்லிப் பின்னுக்குப் போகிறார்கள். பெண் உறுப்பினருக்காக அவர் கணவர் எழுந்து பேசுகிறார். படித்த பெண்களுக்கும் நம் விழாக்களில் வரவேற்புரையும் நன்றியுரையும் தருகிறோம், நடுவில் வரும் உரையை ஆண்களுக்கு வைத்துக்கொள்கிறோம். தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் பேசினார். அந்தக் கொடுமைக்குள்ளேயே வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே விஷயத்தை ஊர் ஊராகப் போய்ப் பேசினார்; 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு இந்தி எதிர்ப்புக்காக நடந்த தமிழர் படையில் கூடவே நடந்தார். ஒருவருக்கு மருத்துவப் பட்டம், இன்னொருவருக்குப் பட்ட அனுபவம். இரண்டு பேச்சும் தேவைப்பட்டன.

கிராம சபையில் பேசப்போகும் ஒருவருக்கு நான் சொல்வது இது. உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று ஒரு மாதம் குறித்துவையுங்கள். எத்தனை வீடு, எத்தனை குடம், பழுது எந்த வால்வில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்ததும் பெயரையும் தெருவையும் சொல்லுங்கள். நடப்பது என்ன, அதனால் யாருக்கு என்ன கஷ்டம், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று சொல்லுங்கள். ‘பார்த்துக்கலாம்மா’ என்று பதில் வரும். அது வரும் என்று தெரிந்தே போவதால், தேதி சொல்லுங்கள் ஐயா என்ற அடுத்த வாக்கியத்தைக் கையோடு வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருவரை அழைத்துப்போய் அருகில் உட்கார வையுங்கள். நீங்கள் எழும்போது தெரிந்த முகம் கண்ணில் படும். வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், கணக்கு உங்களிடம் இருக்கிறது. முடிந்ததும் கூட்டம் கலையும் வரை இருந்து, நீங்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.